வேதபோதகர் புதைத்த பொன் எங்கே?

பழைய கோயில் ஒன்று இருந்தால் அதன் பீடத்துக்கு அடியில் ஒரு சுரங்கப் பாதை இருந்தே தீர வேண்டும். பாதை இருந்தால் அதன் முடிவில் ஒரு பொற்குடம் இருந்தே தீர வேண்டும். இது நம் நாட்டின் எழுதாச் சட்டம். சிவன் கோயிலுக்கும் பெருமாள் கோயிலுக்கும், மசூதிக்கும் மலைக்கோட்டைக்கும் பொருந்தும் இச்சட்டத்திலிருந்து நம் தேவாலயங்களும் தப்பவில்லை. "வெள்ளைக்காரச் சாமியார்கள் போகும்போது எல்லாவற்றையுமா கட்டிக்கொண்டு போனார்கள்? எங்கேயோ புதைத்துத்தான் வைத்திருப்பார்கள்" என்று திண்ணையில் அமர்ந்து அடித்துச் சொல்லும் பெரியவர்களை நாம் அனைவரும் அறிவோம். ஜூபிலி மலருக்குக் கட்டுரை வேண்டும் என்றபோது, அந்தப் பேச்சைச் சிரித்துத் தள்ளிவிடாமல் ஒருமுறை முறையாக விசாரித்துப் பார்ப்போமே என்று எண்ணினோம். விசாரணை நம்மை எங்கெங்கோ இழுத்துச் சென்றது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் புதையல் பேச்சு சேலத்தில் பிறந்ததன்று. உலகமெங்கும் சேசு சபைக் குருக்கள் வாழ்ந்த இடங்களிலெல்லாம் இதே கதை, இதே சொற்களில் வழங்குகிறது. அவற்றுள் மிகப் புகழ்பெற்றது, இன்று அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரிசோனா மாநிலத்தில் உள்ள துமாக்காக்கொரி என்னும் மிஷன்.

யூசேபியோ கீனோ என்னும் சேசு சபைக் குரு 1691ல் அந்த வறண்ட பூமிக்குக் குதிரையேறி வந்தார். அப்போது அது ஸ்பெயின் அரசரின் ஆட்சிக்கு உட்பட்ட எல்லைப் பிரதேசம். அங்குள்ள பழங்குடி மக்களிடையே மிஷன்கள் எழுந்தன. 1736ல், அங்கிருந்து வெகு தூரமில்லாத அரிசோனாக் என்னும் இடத்தில் ஓர் அதிசயம் நடந்தது. மலைச்சரிவில் வெள்ளி, கட்டி கட்டியாகத் தரையோடு கிடந்தது. ஒரு கட்டி மட்டும் ஒரு டன்னுக்கு மேல் எடை! செய்தி பரவியதும் ஊரே மண்வெட்டியோடு ஓடிற்று. எல்லைப்படைத் தலைவர் தெ ஆன்சா என்பவர் தோண்டுவதை நிறுத்தி வெள்ளியை முடக்கி வைத்தார். அவருக்கு எழுந்த சந்தேகம் நம் ஊர் வக்கீல்களும் மெச்சத்தக்கது: இது இயற்கையாக விளைந்த சுரங்க வெள்ளியா, அல்லது யாரோ உருக்கிப் புதைத்து வைத்த புதையலா? சுரங்கமென்றால் அரசருக்கு ஐந்தில் ஒரு பங்கு. புதையலென்றால் அரசருக்கு அதைவிடப் பெரும்பங்கு. வழக்கு மெக்சிகோ நகரம்வரை சென்றது. வெள்ளியோ சில காலத்திலேயே தீர்ந்துபோயிற்று. பேச்சு மட்டும் தீரவில்லை.

1767ல் ஸ்பெயின் அரசர் மூன்றாம் சார்லஸ், தம் ஆட்சிப் பகுதிகள் அனைத்திலிருந்தும் சேசு சபையாரை வெளியேற்றக் கட்டளையிட்டார். உத்தரவு இரகசியமாக அனுப்பப்பட்டு எதிர்பாராத வேளையில் நிறைவேற்றப்பட்டது. குருக்கள் ஜெபப் புத்தகமும் மாற்றுடையும் தவிர ஏதும் எடுக்க அவகாசமின்றிச் சிப்பாய்களால் நடத்திச் செல்லப்பட்டனர். மிஷன்களைத் திறந்து பார்த்தவர்கள் எதிர்பார்த்த பொன்னையும் வெள்ளியையும் காணவில்லை. உடனே அவர்கள் எண்ணியது என்ன? "பொன் இல்லை" என்றா? இல்லை, "பொன்னை மறைத்துவிட்டார்கள்" என்றுதான். இந்த இடத்தில்தான் உலகிலுள்ள புதையல் கதைகள் அனைத்தும் பிறக்கின்றன என்பது நம் கருத்து. இல்லாமையே இருப்பதற்குச் சாட்சியாகிவிடுகிறது. அதன்பின் அக்கதையை எந்தச் சான்றாலும் கொல்ல முடியாது.

துமாக்காக்கொரி மக்கள் 1848ல் ஊரைவிட்டு வெளியேறிய பின் கோயில் பாழடைந்தது. அதன்பின் புதையல் தேடுவோர் வந்தனர். பீடத்தின் அடியைத் தோண்டினர்; நடுக்கூடத்தின் தளத்தைத் தோண்டினர்; சுவர்களைத் துளைத்தனர். கிடைத்தது மண். இதில் வேடிக்கை ஒன்றுண்டு. அவர்கள் தோண்டிய அந்தக் கோயில் சேசு சபையார் கட்டியதே அன்று! சேசு சபையார் 1767ல் போய்விட்டனர். பின்னர் வந்த பிரான்சிஸ்கு சபைக் குருக்கள் 1800ஆம் ஆண்டையொட்டிக் கட்டத் தொடங்கிய கோயில் அது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பே நாடு கடத்தப்பட்டவர்கள், இன்னும் கட்டப்படாத பீடத்துக்கு அடியில் பொன்னைப் புதைத்தார்கள் என்று நம்பித் தோண்டியவர்களை என்ன சொல்ல! சேசு சபைக் குருக்கள் சுரங்கம் வைத்திருக்கவோ சுரங்கத் தொழிலில் ஈடுபடவோ கூடாது என்று சபை விதியே தடுத்திருந்தது என்பதும் அவர்கள் காதில் ஏறவில்லை. 1908ல் அரசு அவ்விடத்தைத் தேசியச் சின்னமாக்கிக் காவல் போட்ட பிறகுதான் எஞ்சிய சுவர்கள் பிழைத்தன.

பிரேசில் நாட்டு ரியோ நகரில் இதைவிடப் பெரிய அளவில் ஒன்று நடந்தது. நகரின் நடுவே ஒரு குன்று. அதன்மேல் சேசு சபையாரின் கல்லூரியும் கோயிலும். போர்த்துக்கல் அரசு 1759ல் அவர்களை வெளியேற்றியது. குன்றுக்குள் சுரங்க அறைகள் உண்டு, அவற்றில் பொற்சிலைகள் உண்டு என்று தலைமுறை தலைமுறையாகப் பேசினர். 1921, 22ஆம் ஆண்டுகளில் சுதந்திர நூற்றாண்டுக் கண்காட்சிக்கு இடம் வேண்டி, நீரைப் பீய்ச்சியடித்து அந்தக் குன்றையே கரைத்து அப்புறப்படுத்தினர். உலகில் எந்தப் புதையல் வதந்தியும் இவ்வளவு முழுமையாகச் சோதிக்கப்பட்டதில்லை. குன்று முழுவதும் போயிற்று, பொற்சிலை வரவில்லை.

1773ல் பாப்பரசர் பதினான்காம் கிளமெந்து சேசு சபையையே கலைத்தார். சபையின் தலைவர் லொரென்சோ ரிச்சி உரோமையில் சந்த் ஆஞ்சலோ கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளில் ஒன்று: "பணத்தை எங்கே மறைத்து வைத்திருக்கிறீர்?" மறைத்த பணம் ஏதுமில்லை என்றே அவர் கூறினார். 1775ல் சிறையிலேயே இறந்தார். இத்தனை பெரிய அதிகாரம் படைத்தவர்களே அந்தக் கதையை நம்பியபோது நம் திண்ணைப் பெரியவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

இனி நம் சேலம் நாட்டுக்கு வருவோம்.

தத்துவ போதகர் என்று நாம் போற்றும் இராபர்ட் தெ நொபிலி சுவாமிகள் 1577ல் இத்தாலியில் பிரபு குலத்தில் பிறந்தவர். 1605ல் கோவாவில் இறங்கி, 1606ல் மதுரை சேர்ந்தார். காவியுடுத்து, மரக்காலணி அணிந்து, கமண்டலம் ஏந்தி, தமிழும் வடமொழியும் கற்று அவர் வாழ்ந்த முறை பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. 1623 ஜனவரி 31ல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். அதே ஆண்டில் சுவாமிகள் மதுரையை விட்டு வடக்கே புறப்பட்டு, திருச்சிராப்பள்ளி வழியாக நம் பகுதிக்கு வந்தார். கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் அவரை மரியாதையுடன் வரவேற்றார். சேலத்தில் அத்தகைய வரவேற்பு முதலில் கிடைக்கவில்லை. தங்க வீடு கொடுப்பாரின்றி வழிப்போக்கர் சத்திரத்தில் கிடந்து நோயுற்றார். பிறகே ஊரார் மனம் இளகிற்று. சேலத்தை ஆண்ட நாயக்கரின் நட்பும் கிடைத்தது.

இந்த விவரத்தைப் புதையல் கண்கொண்டு பார்ப்போம். பொன்மூட்டையோடு வந்தவருக்குச் சத்திரத்துத் தரை ஏன்? காசிருந்தால் வீடு கிடைத்திருக்காதா? "அரச குடும்பத்தவர் ஞானஸ்நானம் பெற்றார்களே, அவர்கள் அள்ளிக் கொடுத்திருக்க மாட்டார்களா?" என்று கேட்கலாம். 1625ல் ஞானஸ்நானம் பெற்றவர் திருமங்கல நாயக்கர். இவர் சேந்தமங்கலத்து இராமச்சந்திர நாயக்கருக்கு மூத்தவர்தாம். ஆனால் நாட்டை இழந்தவர். தம்பி அரியணையில் இருக்க, இவர் சேலத்து நாயக்கரின் ஆதரவில், அருகே மோரமங்கலத்தில் ஒதுங்கி வாழ்ந்தார். அரசு இருந்த தம்பி நண்பராகவே நின்றுவிட்டார்; அரசு இழந்த தமையனே மறையில் சேர்ந்தார். பொக்கிஷம் யாரிடம் இருந்தது என்பதை வாசகர்களே பார்த்துக்கொள்ளலாம்.

அக்கால மிஷனின் வரவு செலவு எப்படி இருந்தது என்பதும் மர்மமன்று. போர்த்துக்கல் அரசரின் மானியம் மேற்குக் கடற்கரை வழியாக வர வேண்டும். வருவது தாமதம், வந்தால் குறைவு. 1640ல் தத்துவ போதகர் மதுரையில் சிறைப்பட்டபோது அவரிடமிருந்தவை பறிக்கப்பட்டன. 1658ல் தூத்துக்குடியும் நாகப்பட்டினமும், 1663ல் கொச்சியும் டச்சுக்காரர் கைக்குப் போயின. பணம் வரும் வழியே அடைபட்டது. தத்துவ போதகரோ அதற்கு முன்னரே, 1656ல், கண்பார்வை மங்கி மயிலாப்பூரில் எளிய குடிசையில் உயிர் நீத்தார். உள்நாட்டில் கோயில் என்று சொல்லப்பட்டவை பெரும்பாலும் மண் சுவரும் ஓலைக் கூரையுமே. சேலத்திலும் மோரமங்கலத்திலும் அந்நாளைய கட்டடம் எதையும் இன்று காட்ட முடியாததற்குக் காரணம் இதுதான். மண்ணில் கட்டியது மண்ணாயிற்று; அதற்கு இரகசியம் ஏதும் வேண்டியதில்லை.

"பணக்காரச் சாமியார்" என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியதற்கு வீரமாமுனிவர் கதைக்கும் ஒரு பங்கு உண்டு என்று கருதுகிறோம். 1822ல் முத்துசாமிப் பிள்ளை எழுதிய வரலாறு, முனிவரைச் சந்தா சாகிபின் திவானாகவும், பல்லக்கும் பரிவாரமும் சூழ வந்தவராகவும், கிராமங்களை மானியமாகப் பெற்றவராகவும் வருணிக்கிறது. திவான் உத்தியோகத்தைப் பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் ஏற்கவில்லை. ஆனால் பல்லக்கு எவருக்கும் மறப்பதில்லை! தேம்பாவணியைப் படிக்காதவரும் பல்லக்கை அறிவர்.

இப்படிச் சொல்வதால் நம் மண்ணில் புதையலே இல்லை என்று பொருளன்று. உண்டு. கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842ல் ஒரே குவியலில் 522 உரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. புதுக்கோட்டைச் சீமையில் 1898ல் 501 உரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. வங்கி இல்லாத காலத்தில் மண்ணே வங்கி. அதிலும் நம் சமவெளி, படைகள் போகவும் வரவும் அமைந்த பாதை. மதுரை நாயக்கரிடமிருந்து மைசூருக்கும், ஐதர் அலி, திப்பு காலப் போர்களைக் கடந்து 1792 உடன்படிக்கையால் ஆங்கிலக் கம்பெனிக்கும் இந்நாடு கைமாறிற்று. நாமக்கல் கோட்டையும் சங்ககிரிக் கோட்டையும் அக்காலத்தின் சாட்சிகள். படை வருகிறது என்றால் குடியானவன் காசுக் கலயத்தைத் தோட்டத்தில் புதைத்துவிட்டு ஓடுவான். திரும்பி வந்தவன் எடுத்துக்கொண்டான். திரும்பாதவனின் கலயம் இன்றும் எங்கேனும் கிடக்கலாம். ஆனால் அது அந்தக் குடியானவனின் சேமிப்பு. சாமியாரின் புதையல் அன்று.

அடுத்து, சுரங்கக் கதை. ஸ்பானிய நாட்டு மிஷன்களைப் பற்றிச் சொல்வோர் "மறைந்த சுரங்கம்" என்று ஒன்றைச் சேர்த்தே சொல்வார்கள். நமக்கும் அப்படி ஒரு மலை உண்டு. செவ்வாய்ப்பேட்டையிலிருந்து மேற்கே பார்த்தால் தெரியும் கஞ்சமலைதான் அது. கஞ்சம் என்றால் பொன் என்று பொருள் சொல்லி, மலைக்குள் பொன் இருப்பதாகவும் சித்தர்கள் அங்கே இரும்பைப் பொன்னாக்கியதாகவும் கூறுவர். அடிவாரத்துச் சித்தர் கோயிலில் அமாவாசைதோறும் திரளும் கூட்டத்தில் அந்தக் கதையை அறியாதவர் ஒருவரும் இரார். நிலநூலார் கண்டதோ வேறு. மலை முழுவதும் காந்தக்கல் கலந்த இரும்புத் தாது. அடிவாரத்தில் பழங்கால உலைகளின் இரும்புக் கசடு குவியல் குவியலாய்க் கிடந்தது. பெயர் தெரியாத கொல்லர்கள் கரியும் துருத்தியும் கொண்டு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்த மலையை உருக்கியிருக்கிறார்கள். சித்தர் இரும்பைப் பொன்னாக்கினாரோ இல்லையோ, அந்தக் கொல்லர்கள் கல்லை இரும்பாக்கினார்கள்.

அந்த இரும்பைக் கண்டு மயங்கியவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர். இவரை நம் ஊர்ப் புதையல் வேட்டைக்காரர்களில் தலையாயவர் என்று சொல்லலாம். 1819, 20ல் காங்கேயத்தை அடுத்த படியூரில் பச்சைக்கல் சுரங்கம் ஒன்றை நடத்தினார். உரோமானியர் விரும்பி வாங்கிய அதே நீலப்பச்சைக் கல். இரண்டாயிரத்துக்கும் அதிகமான கற்கள் கிடைத்தன. அதோடு நில்லாமல், கம்பெனி உத்தியோகத்தை விட்டு, 1830ஆம் ஆண்டையொட்டிப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். சேலத்துத் தாதுவே அதற்கு மூலப்பொருள். காவிரிக்கரைப் பூலாம்பட்டியிலும் உலை எழுந்தது. சுண்ணாம்புக்கரடு என்று நாம் சொல்லும் வெள்ளைக்கல் மலைப் பகுதியில் குரோமியத் தாதுவும் வெட்டினார்கள். கரி எரிக்கக் காடுகள் அழிந்தன, கடன் ஏறிற்று, ஆலை இலாபம் காணவில்லை. ஹீத் இங்கிலாந்து திரும்பி, எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839ல் காப்புரிமை பெற்றார். அது மெய்யாகவே பொன் விளைக்கும் கண்டுபிடிப்பு. ஆனால் பொன் விளைந்தது ஷெபீல்டு நகர முதலாளிகளுக்கு. சட்டத்தில் ஒரு சந்து கண்டு அவர்கள் தப்பிக்கொள்ள, ஹீத் வழக்கு நடத்தி, முடிவைக் காணாமலே வறுமையில் இறந்தார்.

பிற்காலத்தில் கஞ்சமலை அடிவாரத்தில் உருக்காலைக்கு 1970ல் அடிக்கல் நாட்டி, 1981ல் உற்பத்தியும் தொடங்கியது யாவரும் அறிந்ததே. அதிலும் விசித்திரம் பாருங்கள்: மலையின் தாதுவை நம்பி எழுந்த கோரிக்கை அது, கட்டப்பட்ட ஆலையோ வெளியிலிருந்து வந்த எஃகை உருட்டித் துருப்பிடிக்காத தகடாக்கும் ஆலையாக அமைந்தது. நாணயசாலைகளுக்கு வேண்டிய நாணய வில்லைகளையும் அது வெட்டித் தந்தது. மலையடியிலிருந்து காசு கிளம்பியது, சித்தர் சொன்ன வழியில் அல்லாவிட்டாலும்!

பழைய சுரங்கத்தைக் கண்டு ஏமாந்தவர்கள் கதை நீலகிரி வயநாட்டில் இன்னும் பெரிது. தேவாலா, பந்தலூர் மலைகளில் முன்னோர் தோண்டிய பழங்குழிகள் காணப்பட்டன. "அந்தக் காலத்து மனிதன் கையால் தோண்டியே இவ்வளவு எடுத்தானென்றால் இயந்திரம் வைத்தால் எவ்வளவு கிடைக்கும்!" என்று கணக்குப் போட்டு, 1879 முதல் 1882 வரை இலண்டனில் கம்பெனிமேல் கம்பெனி பதிவு செய்தனர். பங்குகள் விற்றன, இயந்திரங்கள் மலையேறின, பந்தலூர் சில நாள் பட்டணமாயிற்று. பாறையில் பொன் இருந்தது உண்மை; செலவுக்குக் கட்டும் அளவுக்கு இல்லை. எல்லாம் சில ஆண்டுகளில் சரிந்தது. அதே காலத்தில் அதே வகைப் பழங்குழிகளைப் பின்பற்றிப் போன கோலாரில் மட்டும் பொன் விளைந்தது. 1802ல் லெப்டினன்ட் வாரன் அங்கே கிராமத்தார் மண் அலசிப் பொன் எடுப்பதைக் கண்டு எழுதினார். 1880களில் ஆழம் போனபோது நரம்பு கிடைத்தது. அச்சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்று, 2001ல் மூடப்படும்வரை இயங்கிற்று. அந்த ஆழத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள். பொன் கண்டவர்கள் அவர்கள். பொன் கொண்டவர்கள் வேறு.

"அப்படியானால் ஸ்பானியச் சுரங்கத்து வெள்ளிக்கும் நமக்கும் ஒரு தொடர்பும் இல்லையா?" என்றால், இருக்கிறது. அதுவும் புதையல் தேடுவோர் கனவிலும் எண்ணாத தொடர்பு.

ஸ்பானியர் 1545ல் தென் அமெரிக்காவின் பொதோசி மலையில், இன்றைய பொலிவியா நாட்டில், வெள்ளி கண்டனர். மறு ஆண்டு மெக்சிகோவின் சக்கதேக்காசிலும் கண்டனர். கட்டாய வேலைக்கு இழுத்துவரப்பட்ட பழங்குடி மக்கள் அந்தச் சுரங்கங்களில் எண்ணற்றோர் மாண்டனர். அந்த வெள்ளியில் அடித்த எட்டு ரியால் காசு, சுமார் 27 கிராம் எடை, உலகமெங்கும் ஸ்பானிய டாலர் என்று செலாவணியாயிற்று. ஒரு பங்கு பசிபிக் கடலைக் கடந்து மணிலா வழியாகவும், ஒரு பங்கு ஐரோப்பியக் கம்பெனிகளின் கப்பல்களில் ஏறியும் ஆசியாவுக்கு வந்தது. நம் துணிக்கும் மிளகுக்கும் ஐரோப்பியர் கொடுக்கக்கூடிய பண்டம் வெள்ளி ஒன்றே. வந்த டாலர்களை உருக்கி ரூபாய் அடிப்பார்கள். 1807, 08ஆம் ஆண்டுகளில் சென்னை நாணயசாலையில் அவசரம் மிகுந்து, ஸ்பானிய டாலர்களை உருக்காமலே அவற்றின் மேல் கம்பெனி முத்திரையை அடித்து இரட்டை ரூபாய்களாக்கினர். அக்காசுகள் சிலவற்றை உற்றுப் பார்த்தால் பாரசீக எழுத்துகளுக்கு அடியில் ஸ்பெயின் அரசரின் முகவாயோ எழுத்துகளோ மங்கலாகத் தெரியும். புதைக்கப்பட்ட ஸ்பானிய வெள்ளி வேண்டுமென்றால் இதோ இருக்கிறது. மண்ணுக்கு அடியில் இல்லை, முத்திரைக்கு அடியில்.

அந்த ரூபாய்கள் சந்தைக்கு வந்தன. சந்தையிலிருந்து பெட்டிக்கும், பெட்டியிலிருந்து பட்டறைக்கும் போயின. செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர்பெற்ற நம் பேட்டையில் வெள்ளிப் பட்டறைகளின் ஓசை கேளாத தெரு குறைவு. கொலுசு என்றால் சேலம் என்று நாடே சொல்கிறது. வெள்ளி எத்தனை முறை உருகினாலும் அழிவதில்லை. தன் பிறப்பிடத்தையும் சொல்வதில்லை. பாட்டியின் தண்டை உருகிப் பேத்தியின் கொலுசாகும்போது அதில் ஒரு குன்றிமணி பொதோசி மலையிலிருந்து வந்ததாக இருந்தால் வியப்பில்லை என்று நாம் கருதுகிறோம். பட்டறைத் தூசியைக்கூடக் கூட்டி, அலசி, உருக்கி எடுக்கும் தொழிலாளர் நம்மவர். சாக்கடை மண்ணில் வெள்ளி இருப்பதை அறிந்தவர்களுக்குப் பீடத்தின் அடியில் தேட வேண்டிய அவசியம் இல்லை.

சரி, வேதபோதகர்கள் விட்டுச் சென்றது ஏதும் தொலைந்து பின் கிடைத்ததுண்டா? உண்டு. அதைத் தேடியவர் மண்வெட்டி எடுக்கவில்லை.

அந்தாம் தெ புரோயென்சா என்னும் போர்த்துக்கீசியக் குரு மதுரை மிஷனில் உழைத்து, 1666ல் நம் நாமக்கல் எல்லையை அடுத்த காவிரிக்கரைத் தொட்டியத்தில் இறந்தார். அவர் தொகுத்த தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி, அவர் இறந்த பின் 1679ல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சேறியது. பதினாறாயிரத்துக்கும் அதிகமான சொற்கள். அதற்கு எழுத்துகளை மரத்தில் செதுக்கியவர் இக்நாசி ஆச்சாமணி என்னும் நம் நாட்டவர். பின்பு அந்நூல் கண்ணிலிருந்தே மறைந்தது. பெயர் தெரியும், பிரதி இல்லை. 1954ல் தனிநாயகம் அடிகளார் வத்திக்கான் நூலகத்தில் ஒரு பிரதியைக் கண்டார். 1966ல் கோலாலம்பூரில் அதை நிழற்பதிப்பாக வெளியிட்டார். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் நம் மக்கள் பேசிய சொற்கள், தொட்டியத்திலும் திருச்சியிலும் சந்தையில் கேட்ட சொற்கள், அதில் கிடைக்கின்றன.

அதற்கு முந்திய நூல்களின் கதையும் இதுவே. இந்திய மொழிகளுள் முதன்முதலாக இந்நாட்டில் தன் எழுத்தில் அச்சான நூல், அண்டிரிக்கு அடிகளாரின் தம்பிரான் வணக்கம், 1578 அக்டோபர் 20, கொல்லம், பதினாறே பக்கம். நமக்குத் தெரிந்த ஒரே பிரதி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ளது. 1586ல் அச்சான அடியார் வரலாறு வத்திக்கானில் இருக்கிறது. அச்சிட்ட மண்ணில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கரையானும் ஈரமும் போரும் தின்றன. நம் அலட்சியமும் தின்றது. தத்துவ போதகரின் ஆத்தும நிர்ணயம் முதலிய நூல்கள் பிழைத்ததற்குக் காரணம், அவற்றை யாரோ சிலர் வீட்டில் ஓலையிலும் தாளிலும் படியெடுத்துப் படியெடுத்து வைத்திருந்ததுதான். அந்தச் சிலருடைய பெயர் எந்த மலரிலும் வந்ததில்லை.

இனி, தோண்டுவதால் வரும் கேட்டையும் சொல்லாமல் விட முடியாது. சேலம், தருமபுரிப் பகுதிகளின் மலையடிவாரங்களில் கற்பலகை நிறுத்திய பழங்காலச் சவக்குழிகள் பல இருந்தன. பாண்டவர் வீடு என்று மக்கள் சொல்வது. பொன் இருக்கும் என்று எண்ணி அவற்றைப் பெயர்த்துக் கிடைத்த பானையை உடைத்துப் போட்டவர்கள் பலர். எலும்பும் சிவப்புக் கறுப்புப் பானையுமே அங்கே இருப்பவை. ஆராய்வோர்க்கு அவையே பொன்னாகும். மை போட்டுப் பார்ப்பவன், பூதம் காவல் காக்கிறது என்று காசு பறிப்பவன், இரிடியம் என்று செம்புக் கலசத்தை விற்பவன் ஆகியோரிடம் நிலத்தை அடகு வைத்துக் கெட்டவர்களையும் நாம் பத்திரிகையில் படிக்கிறோம். அதில் மதபேதமே கிடையாது.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டாலும் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டுவரை சிறை. உரிமையாளர் எவரும் இல்லையென்று முடிவானால், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, கண்டவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்காரருக்குக் கால் பங்கும் சேரும். அரசு வேண்டுமென்றால் விலை கொடுத்து எடுத்துக்கொள்ளும். ஸ்பானிய அரசரைவிட நம் சட்டம் தாராளமானது என்று அரிசோனாக் வெள்ளி வழக்கைப் படித்தவர்கள் ஒப்புவர்.

1776ல் பாரீஸ் அந்நிய வேதபோதக சபையார் பாண்டிச்சேரி மிஷனை ஏற்றதும், அவர்களது உழைப்பில் நம் பகுதியில் பங்குகள் வளர்ந்ததும், 1930 மே 26ல் சேலம் தனி மறைமாவட்டமாகி ஹென்றி புரூனியே ஆண்டகை முதல் ஆயரானதும் தனிக் கட்டுரைக்கு உரியவை, இங்கே விரிக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டுரையை எழுத வேண்டியவர்களுக்குத் தேவையானவை பலவும் நம் வீட்டுப் பரண்களில்தான் இருக்கின்றன. பழைய ஞானஸ்நானச் சீட்டு, விவாக சர்டிபிகேட், கோயில் வரிப் புத்தகம், தேர்த்திருவிழா நோட்டீஸ், பாட்டன் கையெழுத்தில் உள்ள ஜெபப் புத்தகம், கல்லறைக் கல்லின் படம், பனையோலை ஏதேனும் வைத்திருப்போர், பங்கு அலுவலகத்தில் கொடுத்தால் படியெடுத்துக்கொண்டு மூலத்தை அவர்களிடமே திருப்பித் தருவோம். கரையான் அரித்ததென்று எறிந்துவிட வேண்டாம். அரித்தது போக மிஞ்சியதையும் கொண்டு வாருங்கள். ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் அலுவலகம் திறந்திருக்கும்.